சதுரங்கம் டிராதான் என்று கணக்காக நிரூபிக்க முடியுமா?

#1 அஞ்சலட்டை

நான் அஞ்சல்வழிச் சதுரங்கம் ஆடுபவன். அட்டையில் நகர்வை எழுதித் தபால்பெட்டியில் போட்ட காலம் போய், இப்போது எல்லாம் சர்வர் வழியாகத்தான். பழைய பாசத்தில் பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நகர்வுக்கு நாள்கணக்கில் அவகாசம் உண்டு. இன்ஜின், அதாவது சதுரங்கம் ஆடும் கணினி நிரல், அதன் துணைக்கும் விதியில் இடம் உண்டு. கடந்த இரண்டு ஆண்டுகளில் என் ஆட்டங்கள் 31 முடிந்திருக்கின்றன. முப்பத்தொன்றும் டிரா. போன மாத மின்கட்டணத்தைப் பார்த்த என் மனைவி, "இவ்வளவு செலவழித்து ஆளுக்கு அரைப் புள்ளி எடுத்துக்கொள்வதற்கு, முதலிலேயே கைகுலுக்கிவிட்டுப் போகலாமே" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மேல்மட்டத்திலும் இதே கதைதான். 2018-ல் லண்டனில் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய உலகப் பட்டப் போட்டியில் 12 நீண்டநேர ஆட்டங்களும் டிரா. 2020-ல் கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டின் ஆய்வாளர்கள் முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக்குடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், தானே ஆடிக் கற்றுக்கொண்ட நிரலான ஆல்ஃபாஸீரோ நகர்வுக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு தன்னோடு தானே ஆடியபோது ஏறத்தாழ 98 சதவீதம் டிரா. இன்ஜின்களுக்கு இடையிலான போட்டிகளில் வழக்கமான தொடக்க நிலையிலிருந்து ஆடவிட்டால் முடிவே வராது என்பதால், ஒரு பக்கம் சாய்ந்த தொடக்கங்களைத் திணித்து ஆடவைக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் "சதுரங்கம் இன்னும் தீர்க்கப்படவில்லை", அதாவது இரு பக்கமும் தவறின்றி ஆடினால் என்ன முடிவு என்பது நிரூபணமாகவில்லை என்று சொல்வது வெறும் சம்பிரதாயம்தானே?

#2 கணக்கு வாத்தியார்

சம்பிரதாயம் இல்லை, தம்பி. முப்பத்தைந்து வருடம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பதினைந்து முக்கோணத்தை வரைந்து, கோணமானியால் அளந்து, "எல்லாம் 180 பாகைதான் சார், நிரூபித்துவிட்டேன்" என்று நோட்டை நீட்டும் பையனுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. அவன் சொன்னது உண்மை என்று தெரிந்துதான் போடவில்லை.

நிரூபிக்கப்பட்டது எது என்று முதலில் பார்ப்போம். 1912-ல் கேம்பிரிட்ஜில் நடந்த கணித மாநாட்டில் எர்ன்ஸ்ட் செர்மெலோ ஓர் உரை ஆற்றினார்; கட்டுரை 1913-ல் அச்சானது. அதன் சாரம் இது: சதுரங்கத்துக்கு மூன்றில் ஒரு விடைதான் இருக்க முடியும். வெள்ளை எப்படியும் வெல்ல வழி உண்டு, அல்லது கறுப்பு வெல்ல வழி உண்டு, அல்லது இருவருமே தோற்காமல் இருக்க வழி உண்டு. நான்காவது கிடையாது. ஆக, விடை இருக்கிறது என்பது உறுதி. அது எது என்பதைப் பற்றிச் செர்மெலோ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

டிரா என்று நிரூபிக்க இரண்டு வேலை முடிய வேண்டும். கறுப்பு என்ன செய்தாலும் வெள்ளை தோற்காமல் நிற்க ஒரு முழுத் திட்டம். வெள்ளை என்ன செய்தாலும் கறுப்பு தோற்காமல் நிற்க இன்னொன்று. வெள்ளையின் முதல் நகர்வுகள் 20. உங்கள் 31 ஆட்டங்களில் அந்த 20-ல் எத்தனையைச் சந்தித்தீர்கள்?

#3 அஞ்சலட்டை

நான்கு. ஆனால் ஐயா, முதல் நகர்விலேயே குதிரையை விளிம்புக்கு அனுப்புகிறவனை எதற்குச் சந்திக்க வேண்டும்? அதில் வெள்ளைக்கு வெற்றி ஒளிந்திருக்கிறது என்று யார் நம்புவார்கள்?

#4 கறுப்புச் சிப்பாய்

குழந்தைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். "யார் நம்புவார்கள்" என்ற கேள்விக்கு ஒரு பழைய கதை.

இரண்டு மந்திரிகளுக்கு (பிஷப்) எதிராக ஒற்றைக் குதிரை. 1851-ல் க்ளிங்கும் ஹார்விட்ஸும் குதிரைக்காரர் ஒதுங்கி நிற்க ஓர் அரண் நிலையைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாக எல்லோரும் "இது டிரா" என்றே படித்தார்கள், படிப்பித்தார்கள். 1983-ல் கென் தாம்ப்சன் அந்த முடிவாட்டத்தைக் கணினியில் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டார். பொதுவாக மந்திரிகள் பக்கம்தான் வெற்றி. அதிகபட்சம் 66 நகர்வு ஆகலாம். அரண் என்று நம்பியதையும் உடைக்க முடிந்தது. பலகையில் மொத்தம் ஐந்தே காய்கள்! ஐந்து காயில் நூறாண்டு ஏமாந்தவர்கள், 32 காயில் ஏமாறவே மாட்டோம் என்று சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

அதே தாம்ப்சன் 1970-களின் பிற்பகுதியில் ராணிக்கு எதிராக யானை (ரூக்) என்ற முடிவாட்டத்தைக் கணினியிடம் கொடுத்துத் தற்காக்கச் சொன்னார். எதிரே கிராண்ட்மாஸ்டர் வால்டர் பிரவுன். பாடப்புத்தகத்தில் "எளிதான வெற்றி" என்று ஒரே வரியில் முடியும் விஷயம். வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் 50 நகர்வு போனால் டிரா கேட்கலாம் என்பது விதி. முதல் முயற்சியில் 50 நகர்வுக்குள் அவரால் வெல்ல முடியவில்லை. இரண்டாவது முறை சரியாக 50-வது நகர்வில் கரையேறினார்.

#5 பிட்டும் பைட்டும்

மென்பொருள் ஆள் வந்திருக்கிறேன். கொஞ்சம் கணக்குப் போடலாம்.

விதிப்படி வரக்கூடிய சதுரங்க நிலைகள் சுமார் 4.8 × 10⁴⁴ என்று ஜான் டிராம்ப் மதிப்பிட்டிருக்கிறார். பலரும் மேற்கோள் காட்டும் 10¹²⁰ என்பது 1950-ல் கிளாட் ஷானன் சொன்னது. அது ஆட்டங்களின் எண்ணிக்கை, நிலைகளின் எண்ணிக்கை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு பிரபஞ்சத்தின் அணுக்களோடு ஒப்பிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களை மன்னித்துவிடுகிறேன்.

ஒரு நிலைக்கு ஒரே ஒரு சிலிக்கான் அணு போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4.8 × 10⁴⁴ அணுக்களின் எடை சுமார் 22,000 லட்சம் கோடி டன். பயப்பட வேண்டாம், நிலவு அதைப்போல மூவாயிரம் மடங்குக்கு மேல் கனம். இடம் இருக்கிறது, நேரம்தான் இல்லை. நொடிக்கு 10¹⁸ நிலைகளைச் சரிபார்க்கும் இயந்திரத்தைக் கொடுத்தாலும் 1.5 × 10¹⁹ ஆண்டுகள் ஆகும். அது பிரபஞ்சத்தின் வயதைப்போல 110 கோடி மடங்கு.

இப்போது கையில் இருப்பது என்ன? ஏழு காய்கள் வரையிலான எல்லா நிலைகளுக்கும் டேபிள்பேஸ், அதாவது ஒவ்வொரு நிலைக்கும் சரியான முடிவைக் கணக்கிட்டு வைத்த தரவுத்தளம். ஏறத்தாழ 424 லட்சம் கோடி நிலைகள். 2012-ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லோமோனோசோவ் மீக்கணினியில் முதலில் கணக்கிட்டார்கள். 2018-ல் சுருக்கமான வடிவம் வந்தது. ஆறு காய்க்கு 150 கிகாபைட் அளவில் இருந்தது, ஏழு காய்க்குச் சுமார் 18 டெராபைட். ஒரு காய் கூடினால் நூறு மடங்குக்கு மேல்! அதற்குள் 549 நகர்வில் மேட் ஆகும் நிலையெல்லாம் இருக்கிறது. முதல் சில நூறு நகர்வுகளில் ஏன் அப்படி நகர்த்துகிறது என்று எந்த மனிதனாலும் விளக்க முடியாது.

#6 அஞ்சலட்டை

நிலையெல்லாம் சரிபார்க்க வேண்டியதில்லையே! வட்டக் காய்களால் தாவி வெட்டி ஆடும் செக்கர்ஸ் ஆட்டத்தை 2007-ல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் ஜோனதன் ஷாஃபர் குழு தீர்த்தது. இரு பக்கமும் தவறின்றி ஆடினால் டிரா. அதில் 5 × 10²⁰ நிலைகள் உண்டு. நிரூபணத்துக்காக அவர்கள் பார்த்தது 10¹⁴ அளவுதான். ஒரு பக்கத்துக்கு நல்ல நகர்வு ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும், மற்றவற்றைத் தொடத் தேவையில்லை. நகர்வுகளைச் சரியான வரிசையில் பார்த்தால், நகர்வுக்கு நகர்வு கிளைவிடும் தேடல் மரத்தின் அளவு வர்க்கமூலமாகச் சுருங்கும் என்று நிரல் எழுதுகிறவர்கள்தான் சொல்கிறீர்கள்.

4.8 × 10⁴⁴-இன் வர்க்கமூலம் 2.2 × 10²². ஒரு நல்ல கணினியில் இன்ஜின் நொடிக்குப் பத்துக்கோடி நிலை பார்க்கும். பத்து லட்சம் கணினிகள் இருந்தால் ஏழே ஆண்டு. ஷாஃபர் 1989-ல் தொடங்கி 18 ஆண்டு செலவழித்தார்.

#7 பிட்டும் பைட்டும்

கணக்கு சரி, அடிப்படை தவறு. நான் எதிர்பார்த்ததைவிட நல்ல தவறு, அதனால் கொஞ்சம் விரிவாக.

வர்க்கமூலம் என்பது மரத்துக்குச் சொன்ன வாசகம், நிலைகளின் எண்ணிக்கைக்குச் சொன்னதல்ல. அதுவும் ஒவ்வொரு இடத்திலும் மிகச் சிறந்த நகர்வை முதலிலேயே தொட்டால் மட்டும் கிடைக்கும் எல்லை. விடை முன்பே தெரிந்தவனுக்குத்தான் அந்த வரம். செக்கர்ஸையே எடுங்கள். 5 × 10²⁰-இன் வர்க்கமூலம் 2.2 × 10¹⁰. அவர்கள் பார்த்தது 10¹⁴. அதாவது கனவு எல்லையைப்போல நாலாயிரத்து ஐந்நூறு மடங்கு. அதற்கு அடியில் பத்துக் காய் வரை சுமார் 39 லட்சம் கோடி நிலைகளுக்கான தரவுத்தளம் தனியாகத் தாங்கி நின்றது.

செக்கர்ஸுக்கு இன்னொரு சலுகையும் உண்டு: வெட்ட வாய்ப்பிருந்தால் வெட்டியே ஆக வேண்டும். அதனால் கிளைகள் குறைகின்றன, காய்களும் சீக்கிரம் தீர்ந்து தரவுத்தளத்துக்குள் விழுகின்றன. மொத்தம் 24 காயில் ஆரம்பித்துப் பத்துக்கு இறங்க வேண்டும். சதுரங்கத்தில் 32-லிருந்து ஏழுக்கு. நடுவில் இருக்கும் காட்டில் யாரும் யாரையும் வெட்டாமல் ஐம்பது நகர்வு சுற்றிக்கொண்டிருக்கலாம்.

உங்கள் 2.2 × 10²²-ஐயே ஒப்புக்கொண்டு, நிலைக்கு ஒரு பைட் என்று சேமித்தாலும் 20 டெராபைட் வட்டுகள் 110 கோடி வேண்டும். மின்கட்டணத்தை உங்கள் மனைவியிடம் காட்டிவிடாதீர்கள்.

#8 ஒளிவேகம்

குவாண்டம் கணினி வரட்டும். ஒரு நொடியில் முடிந்துவிடும்.

#9 பிட்டும் பைட்டும்

தேடலில் அது தரும் என்று நிரூபிக்கப்பட்டுள்ள லாபமும் வர்க்கமூல அளவுதான். அடுத்தவர்.

#10 வல்வைக் குதிரை

வணக்கம். எல்லோரும் கணினியின் வேகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒரு நிலையைக்கூடப் பார்க்காமல் விடை காணும் நிறுவல்களும் கணிதத்தில் உண்டு. அறுகோணக் கட்டங்களில் காய்வைத்து எதிரெதிர் விளிம்புகளை இணைக்கும் ஹெக்ஸ் ஆட்டத்தில் முதலில் ஆடுபவருக்கே வெற்றி என்று ஜான் நாஷ் காட்டியது அப்படித்தான். இரண்டாமவரிடம் வெல்லும் திட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் எங்காவது ஒரு காயை வைத்துவிட்டு, அந்தத் திட்டத்தையே களவாடி ஆடலாம். கூடுதலாக இருக்கும் காய் ஹெக்ஸில் யாரையும் கெடுக்காது. ஆகவே முரண்பாடு, கதை முடிந்தது. வெல்லும் வழி எது என்று தெரியாமலேயே வெல்வார் என்று தெரிந்துவிடுகிறது.

சதுரங்கத்திலும் ஒரு சின்ன மாற்றம் செய்தால் இது பலிக்கும். ஒவ்வொருவரும் ஒரு முறைக்கு இரண்டு நகர்வு ஆடலாம் என்று விதி வையுங்கள். வெள்ளை குதிரையை வெளியே எடுத்து, இரண்டாவது நகர்வில் அதே கட்டத்துக்குத் திருப்பி வைத்துவிடலாம். பலகை பழையபடி, இப்போது ஆட வேண்டியவர் கறுப்பு. கறுப்புக்கு வெல்லும் திட்டம் இருந்திருந்தால் அது இப்போது வெள்ளையின் கையில். எனவே இரட்டை நகர்வுச் சதுரங்கத்தில் வெள்ளை தோற்காது. நிறுவல் மூன்றே வரி.

சாதாரணச் சதுரங்கத்தில் இது ஏன் முடியவில்லை? "நான் ஆடவில்லை, நீ ஆடு" என்று சொல்ல விதி இடம் தராது. நகர்த்த வேண்டிய கட்டாயமே ஆளைக் கொல்லும் நிலைகள் உண்டு. ஜெர்மன் சொல்லைக் கடன் வாங்கி 'சுக்ஸ்வாங்' என்கிறோம். தொடக்க நிலையே வெள்ளைக்கு ஒரு மாபெரும் சுக்ஸ்வாங் இல்லை என்பதற்கு இன்றுவரை நிறுவல் கிடையாது. அதாவது, டிராவை விடுங்கள், "வெள்ளை தோற்காது" என்ற பாதியைக்கூட நம்மால் நிறுவ முடியவில்லை.

#11 கணக்கு வாத்தியார்

அருமை. இதைக் கரும்பலகையில் எழுதிப்போட வேண்டும். எனக்கே இரட்டை நகர்வு விஷயம் புதிது.

#12 கறுப்புச் சிப்பாய்

சுக்ஸ்வாங் என்றதும் நினைவுக்கு வருகிறது. காய்களை இழப்பவரே வெல்லும் தலைகீழ்ச் சதுரங்கத்தை 2016-ல் மார்க் வாட்கின்ஸ் தீர்த்து முடித்தார். அதில் வெள்ளைக்கு வெற்றி. முதல் நகர்வு எது தெரியுமா? ராஜா முன் நிற்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளுவது! அங்கேயும் வெட்டு கட்டாயம் என்பதால்தான் அவ்வளவு தூரம் போக முடிந்தது. ஐந்துக்கு ஐந்து பலகையில் ஆடும் கார்ட்னரின் குட்டிச் சதுரங்கம் 2013-ல் தீர்ந்தது, அது டிரா. ஆக, விதியையும் பலகையையும் கொஞ்சம் அசைத்தாலே விடை இடம் மாறுகிறது. நம் 8×8 பலகை எந்தக் கட்சி என்று அண்டை வீட்டாரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

#13 அஞ்சலட்டை

சரி, நிரூபணம் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். அதற்காக டிரா என்பதைச் சந்தேகிக்கிறீர்களா? நேராகப் பதில் சொல்லுங்கள். வீட்டை அடகு வைத்துப் பந்தயம் கட்டச் சொன்னால் எந்தப் பக்கம்?

#14 கணக்கு வாத்தியார்

டிரா பக்கம்தான். அதில் தயக்கமே இல்லை. முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷரும் அப்படித்தான் நினைத்தார், இன்றைய இன்ஜின்காரர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் வெள்ளைக்கே வெற்றி என்று சத்தியம் செய்தவர்களும் இருந்தார்கள். 1930-களில் அமெரிக்காவின் வீவர் ஆடம்ஸ் ராஜா சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியதுமே வெள்ளை வென்றுவிட்டது என்று புத்தகமே போட்டார். பிறகு வருடக்கணக்கில் எதிராளிகள் அவருடைய அந்த வழியை அவருக்கு எதிராகவே தயார்செய்துகொண்டு வந்தார்கள்.

பந்தயம் கட்டுவது வேறு, கையெழுத்துப் போடுவது வேறு, தம்பி.

#15 பிட்டும் பைட்டும்

ஒரு நுணுக்கம், மறந்துவிடுவேன். ஐம்பது நகர்வு விதியைச் சேர்த்தால் நிலை என்பது பலகை மட்டுமல்ல, கடைசி வெட்டு அல்லது சிப்பாய் நகர்விலிருந்து எத்தனை நகர்வு ஆயிற்று என்ற எண்ணும் சேரும். அப்படியானால் 10⁴⁴ இன்னும் பெருகுமே என்று கவலை வரும். டிராவை நிரூபிக்க நினைப்பவருக்கு அந்தக் கவலை வேண்டாம். அந்த விதி இல்லாமலே ஒருவருக்குத் தோற்காத திட்டம் இருந்தால், விதியைச் சேர்த்தாலும் அதே திட்டம் தோற்காது. ஆட்டம் முன்கூட்டியே டிராவில் நிற்கும், அவ்வளவுதான். வெற்றியை நிரூபிப்பவருக்குத்தான் தலைவலி. 549 நகர்வு மேட் எல்லாம் நடுவில் வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் ஐம்பதைத் தாண்டினால் பறிபோய்விடும்.

#16 கறுப்புச் சிப்பாய்

நிரூபணம் நாளைக்கே வந்தாலும் என் வகுப்பில் ஒன்றும் மாறாது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டப் போட்டியில் குகேஷுக்கும் டிங் லிரனுக்கும் 14-வது ஆட்டம். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த முடிவாட்டம். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான். 55-வது நகர்வில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்கு நகர்த்தினார். யானைகள் வெட்டுப்பட்டன, மந்திரிகளையும் வெட்டக் கொடுத்தே தீர வேண்டியதாயிற்று, மிஞ்சிய சிப்பாய் ஆட்டம் குகேஷுக்கு வெற்றி. அந்த நகர்வுக்கு முந்தைய நிலை டிராதான். அன்று இரவு என் மாணவர்களின் பெற்றோர்கள் இனிப்பு வாங்கி அனுப்பினார்கள். யாரும் "கோட்பாட்டின்படி டிரா" என்று பெட்டியைத் திருப்பிக் கேட்கவில்லை.

#17 திண்ணைப் பாட்டி

என் பேரன் இந்த இழையைப் படித்துக் காட்டினான். சதுரங்கம் எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்க் கோயில் மண்டபத் தரையில் ஆடு புலி ஆட்டத்துக்குக் கோடு செதுக்கியிருக்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டை எடுத்துக்கொண்டால் என் மாமியார் தோற்று நான் பார்த்ததே இல்லை. புலி மூன்றையும் கட்டிப்போட்டுவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். அதையும் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்களா?

#18 வல்வைக் குதிரை

அம்மா, அதன் நேபாள உறவுக்காரருக்குப் போட்டிருக்கிறார்கள். பாக்-சால் என்று பெயர். நான்கு புலி, இருபது ஆடு, ஐந்துக்கு ஐந்து புள்ளிகள். லிம் யூ ஜின், யூர்க் நீவெர்கெல்ட் என்ற இருவர் கணினியில் ஆராய்ந்து, இரு பக்கமும் தவறாமல் ஆடினால் டிரா என்று நிறுவினார்கள்.

#19 பிட்டும் பைட்டும்

பாட்டி, நம் முக்கோணப் பலகைக்கு இப்போதுதான் பின்பக்கத் தாளில் கணக்குப் போட்டேன். 23 புள்ளிகள். மூன்று புலிகளை 1,771 விதமாக வைக்கலாம். மிச்சமுள்ள 20 புள்ளிகளில் 15 வரை ஆடுகளை 10,42,380 விதமாக வைக்கலாம். பெருக்கினால் சுமார் 185 கோடி நிலை. யார் ஆட வேண்டும் என்பதைச் சேர்த்தால் 370 கோடி. நிலைக்கு இரண்டு பிட் போதும், ஆக ஒரு கிகாபைட்டுக்குள் அடங்கும். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கும் முதல் கட்டத்துக்குத் தனியாகச் சில மடங்கு ஆகும். என் மடிக்கணினியே போதும். சதுரங்கத்தோடு மல்லுக்கட்டுவதற்கு இது எவ்வளவோ மேல்.

விதிகளை மட்டும் சொல்லுங்கள். எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி? புலிகளை முதலிலேயே மொத்தமாக வைப்பதா, ஆட்டுக்கு ஒன்றாக மாற்றி மாற்றியா? எல்லா ஆடும் இறங்கும் முன்பே புலி வெட்டலாமா?

#20 கணக்கு வாத்தியார்

எங்கள் பக்கத்தில் மாற்றி மாற்றித்தான். ஐந்து ஆடு போனால் ஆட்டம் முடிந்தது.

#21 திண்ணைப் பாட்டி

ஐந்தா? எங்கள் ஊரில் கட்ட முடியாத அளவுக்கு ஆடு குறையும் வரை ஆடுவோம். புலி மூன்றையும் முதலிலேயே வைத்துவிடுவோம். வெட்டுவதில் ஒரு வழக்கு உண்டு, அதை என் நாத்தனாரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

#22 பிட்டும் பைட்டும்

கேட்கும்போது இதையும் கேளுங்கள். புலியும் ஆடும் மாறி மாறி ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தால் என்ன முடிவு சொல்வார்கள்?

#23 திண்ணைப் பாட்டி

அதற்கு நாத்தனார் எதற்கு? உலை கொதிக்கிறது என்று யாராவது ஒருத்தி எழுந்து போய்விடுவாள்.